ஆஃப் பண்ணாதீங்க, சாட்சி போயிடும்

கம்ப்யூட்டர் நின்றுபோனால் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: அணைத்துவிட்டுப் போடுவது. நான்கு வருடம் பொறியியல் படித்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கும் உறுதியாகத் தெரிந்த வைத்தியம் அது மட்டும்தான். பெரம்பலூரில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், மேசைக்கடியில் இருந்த பெரிய பெட்டி அசையாமல் நின்றுவிட்டது. நான் பவர் பட்டனை நோக்கிப் பாய்ந்தேன். என் விரலுக்கும் பட்டனுக்கும் நடுவில் ஓர் எவர்சில்வர் டம்ளர் வந்து நின்றது. உள்ளே கொதிக்கும் டீ.

“ஆஃப் பண்ணாதீங்க. சாட்சி போயிடும்.”

டம்ளரைப் பிடித்திருந்தவர் லாத்தா. லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். ஆனால் அவரைவிடப் பதினைந்து வயது மூத்த எங்கள் முதலாளிக்கும், பேப்பர் பண்டல் இறக்க வருபவருக்கும், பஸ் கண்டக்டருக்கும்கூட அவர் லாத்தாதான்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதுதான் அச்சகத்தின் சர்வர். லினக்ஸில் ஓடியது. மேசைக்கு மேசை இருந்த ஐந்து கம்ப்யூட்டர்களும் தங்கள் ஃபைல்களை அதில்தான் வைக்கும், அதிலிருந்துதான் எடுக்கும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துச் சுக துக்கமும் அந்தப் பெட்டிக்குள் ஃபோல்டர் ஃபோல்டராகக் கிடந்தது. அது நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

அதைப் பார்த்துக்கொள்வது லாத்தாவின் வேலை. ‘பார்த்துக்கொள்வது’ என்ற சொல்லை அவர் அளவுக்கு நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டவரை நான் கண்டதில்லை. பெட்டி தகராறு செய்தால் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்காருவார். இரண்டு கைகளையும் புர்காவின் கைக்குள் இழுத்துக்கொள்வார். “கை வெளிய இருந்தா அது பாட்டுக்கு எதையாச்சும் அமுக்கும்” என்பார். பிறகு பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கோ உள்ளங்கால் அரிக்கும். எப்போது சரியாகும் என்று கேட்டால், “இன்ஷா அல்லாஹ், அது வாயத் தொறந்ததும்” என்று பதில் வரும்.

இங்கே வருவதற்கு முன்னால் அவர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தார். கணவர் சவுதியிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய கம்ப்யூட்டரில் வேறு எதுவும் ஓடாததால் லினக்ஸைப் போட்டு, அதோடு மல்லுக்கட்டியே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டதாகச் சொல்வார். வக்கீலை விட்டு வந்துவிட்டாரே தவிர கோர்ட்டை விட்டு வரவில்லை. திரையில் வரும் பிழைச் செய்தி அவருக்கு வாக்குமூலம். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் “வாய்தா வாங்குது.” கலர் பிரிண்டர் எப்போதும் பொய்சாட்சி. ரீஸ்டார்ட் செய்பவன், கொலை நடந்த வீட்டைக் கழுவி விடுகிறவன்.

நான் சேர்ந்த புதிதில் பெட்டி தினமும் பதினோரு மணிக்கு வாய்தா வாங்கத் தொடங்கியது. பத்து மணிக்குக் கடை திறக்கும்போது நன்றாக இருக்கும். பதினொன்று ஆனதும் ஒரு படத்தைத் திறக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெயில் என்றார் ஒருவர். ரோட்டில் போகும் சிமெண்ட் லாரிகளின் அதிர்வு என்றார் இன்னொருவர். முதலாளி கண்ணேறு என்று முடிவு செய்து, பெட்டியின் தலையில் எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கோத்துத் தொங்கவிட்டார். நான் ரீஸ்டார்ட் என்றேன்.

லாத்தா மூன்று நாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எந்த வேலை எத்தனை மணிக்கு எழுந்து எவ்வளவு தின்கிறது என்று ஒரு கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் முதலாளியைக் கூப்பிட்டு, ராத்திரி கடையைப் பூட்டும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மெயின் சுவிட்சை இறக்குவேன், தீப்பிடித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றார் அவர்.

“அதான் விஷயம். ராத்திரி ஆள் இல்லாதப்ப வீட்டக் கூட்டிப் பெருக்கலாம்னு அது நெனக்குது. நீங்க தூங்க வெச்சுடறீங்க. காலைல எந்திரிச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு, ஐயோ பெருக்கலையேன்னு தொடப்பத்த எடுக்குது. அப்பதான் நீங்கல்லாம் பந்திக்கு உக்காரறீங்க.”

உண்மை அதுதான். பெட்டியில் இருந்த எத்தனையோ ஆயிரம் கல்யாணப் படங்களை எண்ணிப் பட்டியல் போடும் ராத்திரி வேலை, பகல் பதினொன்றுக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் அதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினார். எலுமிச்சம்பழத்தைக் கழற்றவில்லை. கேட்டதற்கு, “அது ஒண்ணும் மெமரி எடுக்கலயே” என்றார்.

இன்னொரு முறை பெட்டி கிளம்பவே இல்லை. முகூர்த்த சீசனில் ஒரு திங்கட்கிழமை. லாத்தாவின் பஸ் தாமதம். அவர் வருவதற்குள் நான் ஆறு முறை அணைத்துப் போட்டுவிட்டேன். ஆறு முறையும் பாதி தூரம் வந்து, ஒன்றரை நிமிடம் நின்று, ஏதோ நான்கு வரி ஆங்கிலத்தைக் கொட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டது. லாத்தா வந்தார், ஸ்டூலைப் போட்டார், கைகளை உள்ளே இழுத்தார்.

“என்ன எழுதியிருக்குன்னு சத்தமாப் படி” என்றார் என்னிடம். அதற்குள் நான் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்கியிருந்தேன்.

படித்தேன். ஒரு டிஸ்க்கின் பெயரைச் சொல்லி, அது வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை என்றது. ஆறு முறையும் அதையேதான் சொல்லியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. வெளியே செருகியிருந்த அந்த டிஸ்க்கை முந்தின நாள் முதலாளி பிடுங்கி, அரியலூர் கிளைக்கு டிசைன்களைக் கொண்டுபோக வேட்டி மடிப்பில் வைத்து எடுத்துப் போயிருந்தார். கிளம்பும்போது யார் யார் வரவேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு பட்டியல் உண்டு. அதில் அந்த டிஸ்க்கின் பெயர் இருந்தது. ஒருத்தர் வரவில்லை என்று கல்யாண வேனையே எடுக்காமல் நிறுத்தி வைத்த கதை. லாத்தா பட்டியலைத் திறந்து அந்த வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். அதற்கு அவர் சொன்ன அர்த்தம்: “வந்தா ஏத்திக்க, வரலன்னா நீ பாட்டுக்குக் கெளம்பு.” வேன் கிளம்பியது.

இதையெல்லாம் நான் ரசித்தேன் என்று நினைக்க வேண்டாம். எரிச்சலாக இருந்தது. இருபத்திரண்டு வயதில், எதையும் மூன்று நொடியில் முடிக்கிற விரல்களோடு, ஒருவர் சும்மா உட்கார்ந்து ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. அவர் இல்லாதபோது அவர் மாதிரியே ஸ்டூலில் உட்கார்ந்து, கையைச் சுடிதார் துப்பட்டாவுக்குள் இழுத்து, “சாட்சி சொல்லும்மா” என்று பிரிண்டரிடம் கேட்டு மற்றவர்களைச் சிரிக்க வைப்பேன். ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “கை இன்னும் உள்ள போவணும்” என்று திருத்திவிட்டுப் போனார்.

அந்த மூன்று நொடி விரல்கள்தான் என்னை மாட்டிவிட்டன.

விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர், விவசாயி. மகள் பெயர் பொன்மொழி. சித்திரையில் நிச்சயமாகிப் பத்திரிகைக்கு மாதிரி போட்டுத் தரச் சொன்னார். நான்தான் ‘பொன்மொழி’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து போட்டுக் கொடுத்தேன். அச்சடிப்பதற்குள் அந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. ஐப்பசியில் வேறு இடம் கூடியது. இந்த முறை முதலாளியே தன் மேசையில் உட்கார்ந்து புது மாப்பிள்ளை பெயரில் பத்திரிகை செய்து, பெண்ணின் அப்பாவுக்குத் திரையில் காட்டி, சரி வாங்கி, ‘பொன்மொழி’ என்ற ஃபோல்டரில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ஃபோல்டரில் இருக்கிறது, அச்சுக்கு அனுப்பு என்றார். நான் பெயரைத் தட்டினேன், வந்ததை அனுப்பினேன். மூன்று நொடி.

முதல் கட்டுப் பத்திரிகையைப் பெண்ணின் அப்பா குலதெய்வத்துக்கு வைக்க எடுத்துப் போனார். அவர்கள் வழக்கப்படி பூசாரி சாமி முன்னால் நின்று பத்திரிகையை உரக்க வாசிக்க வேண்டும். வாசித்தார். சாமிக்கும், சுற்றி நின்ற பங்காளிகளுக்கும், முறிந்துபோன சம்பந்தத்து மாப்பிள்ளையின் பெயர் கணீரென்று கேட்டது.

அடுத்த பஸ்ஸில் அவர் பெரம்பலூர் வந்துவிட்டார். கத்தவில்லை. மஞ்சள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து முதலாளி மேசையில் வைத்தார். யார் அச்சுக்கு அனுப்பியது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீ எந்த ஊரும்மா?”

ஜெயங்கொண்டம் பக்கம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் பத்திரிகையில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார்.

“இந்தப் பையனும் அந்த ஊருதான். தெரியுமா ஒனக்கு?”

கேள்வி கேட்டால் பட்டென்று பதில் சொல்லிப் பழகிய வாய். “தெரியுமே, எங்க ஸ்கூல்தான், ரெண்டு வருஷம் சீனியர்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். முதலாளியும் பார்த்தார், அவர் பார்வை வேறு மாதிரி இருந்தது. பழைய மாப்பிள்ளை வீட்டார் ஆள் வைத்துக் கெடுத்திருக்கிறார்கள். அல்லது, எனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் என்னவோ. யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பேச்சு இந்த அறையை விட்டுக் கிளம்பினால் என் ஊருக்கு நேர் பஸ் இருந்தது. என் அப்பா ஒரே ஒரு முறை கேட்பார், மறுநாளிலிருந்து வேலை இல்லை. ஊர் வாயில் என் பெயர் எத்தனை வருடம் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்.

“ரெண்டாவது எடமும் தட்டிப் போச்சுன்னா எம் பொண்ணு எந்திரிக்க மாட்டா சார்” என்றார் பெண்ணின் அப்பா. அதை முதலாளியிடம் சொன்னார். பார்வை மட்டும் என் மேலேயே இருந்தது.

முதலாளி சமாதான ஆசாமி. நடந்தது நடந்துவிட்டது, பழையதை அழித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் புதிதாக அடித்துத் தருகிறேன் என்றார். எனக்கு அது அமுதமாகக் கேட்டது. அழித்துவிடலாம். அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ‘பொன்மொழி’யைத் திறந்து, அதன் மேல் மவுஸை வைத்து, அழிக்கும் பட்டனுக்கு விரல் போய்விட்டது.

“கைய எடு.”

லாத்தா குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“அழிச்சீன்னா ஆயுசுக்கும் நீதான் அக்யூஸ்டு” என்றார். பிறகு சிவப்பு ஸ்டூலை இழுத்தார். தனக்கு இல்லை, பெண்ணின் அப்பாவுக்கு. “உக்காருங்கண்ணே. அஞ்சு நிமிஷம். நீங்களே பாருங்க.”

கைகளைப் புர்காவிலிருந்து வெளியே எடுத்தார். பெட்டியில் இருந்த அத்தனை ஃபோல்டர்களின் பெயரையும் கறுப்புத் திரையில் கொட்டினார். வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே ‘பொன்மொழி’ இருந்தது. நான்கு வரி தள்ளி இன்னொரு ‘பொன்மொழி’யும் இருந்தது.

ஒரே பெட்டியில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க முடியாது. பாலபாடம் அது. நான் திரைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். லாத்தா ஏதோ தட்டினார். இரண்டு பெயருக்கும் பக்கத்தில் ஒவ்வோர் எண் வந்தது. முதலாவதற்கு எட்டு. இரண்டாவதற்குப் பத்து.

லாத்தா எங்கள் எல்லோரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு என்னையும் முதலாளியையும் எங்கள் எங்கள் கீபோர்டில் ‘பொ’ என்று மட்டும் தட்டச் சொன்னார்.

நான் ஃபோனில் தட்டுகிற மாதிரி தட்டுவேன். ‘ப’ வரும், அதோடு ‘ஒ’ சேர்ந்து ‘பொ’வாகிவிடும். முதலாளி தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பவர். அவர் முதலில் கொம்பு, பிறகு ‘ப’, பிறகு கால் என்று தனித்தனியாகத்தான் அடிப்பார். என் கம்ப்யூட்டர் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே துண்டாகப் பெட்டிக்கு அனுப்பியது. அவருடையது இரண்டு துண்டாக அனுப்பியது. ‘பொன்மொழி’யில் ‘பொ’ ஒன்று, ‘மொ’ ஒன்று. எழுத்துக்கு ஒரு துண்டு கூட, எட்டு பத்தாகிவிட்டது. கண்ணுக்கு ஒரே பெயர், பெட்டிக்கு இரண்டு. அதனால்தான் முதலாளி புதிதாகச் சேமித்தபோது இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறதே என்று அது கேட்கவில்லை. நான் தேடியபோது நான் தட்டிய மாதிரியே இருந்த என் பழைய ஃபோல்டரைத்தான் எடுத்து நீட்டியது.

இதை லாத்தா பெண்ணின் அப்பாவிடம் இப்படிச் சொல்லவில்லை. ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, மகள் பெயரை எழுதச் சொன்னார். அவர் கொம்பு போட்டார், ‘ப’ போட்டார், கால் போட்டார். மெதுவாக, கோணலாக முழுப்பெயரையும் எழுதி முடித்தார்.

“மொத எழுத்து எத்தன எழுத்துண்ணே?”

“ஒண்ணுதான்.”

“இந்தப் புள்ள ஒண்ணாப் போட்டுச்சு. எங்க மொதலாளி பிச்சுப் பிச்சுப் போட்டாரு. இது” என்று பெட்டியைக் காட்டினார், “ரெண்டு பொண்ணுன்னு நெனச்சுடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாப்பிள்ளைய வெச்சுக்கிச்சு.”

பிறகு வாக்குமூலத்தைப் படித்தார். எட்டுத் துண்டு பிறந்தது சித்திரையில், என் மேசையில். அன்றைக்குப் பிறகு அச்சுக்கு அனுப்பிய நாள்வரை யாரும் அதற்குள் கை வைக்கவில்லை. பத்துத் துண்டு பிறந்தது ஐப்பசியில், முதலாளி மேசையில். அதற்குள் புது மாப்பிள்ளை பத்திரமாக இருந்தார். முதலாளி சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா தான் எழுதிய தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

“எனக்கு ஒரு பொண்ணுதான் தாயி” என்றார்.

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம்தான் எங்களுக்குத் தைரியம் வந்தது. என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், ஜெயங்கொண்டம் பஸ் எத்தனை மணிக்கு, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவாயா என்று விசாரித்தார். எனக்கு அது போதும். சாயங்காலம் புதுப் பத்திரிகையோடு போனார். சாமிக்கு மறுபடியும் வாசித்தார்களாம். முதல் பத்திரிகையை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்று பூசாரி தனியாகச் சூடம் ஏற்றிச் சொன்னாராம்.

அவர் போனதும் நான் மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். லாத்தா டீ டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தினார்.

“முழுசா அழாத, கொஞ்சம் மிச்சம் வை. இன்னொரு வழக்கு இருக்கு.”

என்ன வழக்கு என்று நிமிர்ந்தேன்.

“அச்சுக்கு அனுப்பறப்ப நீ ஏன் படிக்கல?”

பெட்டிமேல் போட முடியாது. முதலாளிமேல் போட முடியாது. கொம்பின் மேலும் காலின் மேலும்கூடப் போட முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டு, “வாய்தா குடுங்க லாத்தா” என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்த இரண்டு ஃபோல்டர்களையும் கடைசிவரை யாரையும் அழிக்க விடவில்லை.

அடுத்த வருடம் கணவரோடு இருக்கச் சவுதிக்குப் போய்விட்டார். நான் சென்னையில், பெரம்பலூர்ப் பெட்டியைப் போல இருநூறு பெட்டிகள் நிற்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். எங்கேயாவது ஒன்று நின்றால், பக்கத்து சீட்டுக்காரன் ரீஸ்டார்ட் என்று எழுந்திருக்கும்போதே என் கைகள் துப்பட்டாவுக்குள் போய்விடுகின்றன. இப்போது யாரும் சிரிப்பதில்லை.

இதை அனுப்புவதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை படித்தேன். அவர் பெயரை எங்குமே எழுதவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். எழுதலாமா என்று யோசித்தேன். அந்தப் பெயரிலும் ஒரு கொம்பும் ஒரு காலும் உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் எப்படிப் பிய்த்துப் போடுமோ. எனக்கு ஒரு லாத்தாதான்.